கதவுக்கு வெளியே நின்றவர்

பொறாமைப்பட எனக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சென்னையில் ரோபோ கையை வைத்துக்கொண்டு அறுவை செய்கிறார்கள். ஒருவன் லண்டனில் இருக்கிறான். வாரம் தவறாமல் மலையேறிய படம் போடுவான். அவர்கள் யார்மேலும் எனக்குப் பெரிதாக எரிச்சல் வந்ததில்லை. என் வயிற்றெரிச்சல் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டவர், செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறையில் இருந்த ஒரு டெக்னீஷியன் அம்மா. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஆறு வருடம் எங்களோடு இருந்தார். பிறகு அரசு வேலை கிடைத்துத் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார். அவர் போன அன்று நான் நிம்மதியாக ஒரு காபி குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுநீரக அறுவை மருத்துவன். ஊர்ப்பேச்சில் மூத்திர டாக்டர். அவருடைய வேலை என் வேலைக்கு ஒரு சின்ன ஒத்தாசை, அவ்வளவுதான். மூத்திரம் போகிற வேகத்தை அளக்க ஒரு மெஷின் உண்டு; யூரோஃப்ளோ என்போம். ஒரு பெரிய புனல், அதன் அடியில் எடை பார்க்கிற ஒரு தட்டு. நோயாளி வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புனலில் போவார். வெளியே கம்ப்யூட்டரில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். அந்தத் தாளைக் கிழித்து ஃபைலில் சேர்த்து மாடிக்கு என்னிடம் அனுப்ப வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி செய்துவிடலாம். முன்னால் இருந்தவர் செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டே செய்தார்.

இவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவே மாட்டார். கதவுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பேனா கொண்டையில் செருகியிருக்கும். செருப்பை அறை வாசலிலேயே கழற்றி விட்டிருப்பார். கண் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே சத்தம் ஆரம்பித்து, ஓங்கி, தேய்ந்து, சொட்டி நிற்கிறவரைக்கும் அசைய மாட்டார். ஒரு மனிதர் இன்னொரு மனிதர் மூத்திரம் போவதை அவ்வளவு மரியாதையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் மாதம் அதைப் பார்த்துச் சிரித்தேன். எக்ஸ்ரேக்காரரிடம் சொல்லியும் சிரித்தேன். சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஆள் ஒருவர் வந்தார். முப்பது வயது. மூத்திரம் சரியாகப் போவதில்லை என்றார். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. குழாய் சுருங்கியிருக்கிறது, உள்ளே கேமராவை விட்டுப் பார்த்துக் கீறிவிடலாம் என்று நான் முடிவு கட்டி, எழுதியும் விட்டேன். அந்த அம்மா மாடியேறி வந்து வாசலில் நின்றார். "இது அடைப்பு இல்ல சார், வெக்கம்," என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அடைப்பு இருக்கிறவர்களுக்கு ஆரம்பித்தால் ஒரே இழுவையாக வருமாம். இவருக்கு, வெளியே யாராவது நடக்கும்போதெல்லாம் நின்று நின்று வருகிறதாம். நான் நம்பவில்லை. மறுபடியும் ஒரு தடவை பார்க்க மட்டும் அனுமதி கேட்டார், கொடுத்தேன். அவர் அந்த ஆளை ஒரு மணி நேரம் சும்மா உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எக்ஸ்ரேக்கு வந்த கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகு உள்ளே அனுப்பியிருக்கிறார். வந்த கோடு பாடப்புத்தகத்தில் போடலாம் போல அழகாக இருந்தது. அந்த ஆள் போகும்போது எனக்கு ஒரு தலையசைப்பு வைத்தார். அந்த அம்மாவிடம் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

பதினோரு வருடம் படித்திருக்கிறேன். அவர் படித்தது இரண்டு வருட டிப்ளமா. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள் என்று எக்ஸ்ரேக்காரர் ஒருமுறை சொன்னார். கேட்டதும் எனக்கு மரியாதை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை தூரம் வந்தவர் இன்னும் எவ்வளவு தூரம் வருவாரோ என்று ஒரு பயம்தான் வந்தது. பேச்சில் வாங்க போங்க என்றுதான் சொல்வேன். மனதுக்குள் அவள் இவள்தான். இப்போது எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன், அதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்படுகிறது.

அவரிடம் ஒரு கேள்வி உண்டு. வயது, ஊர் வித்தியாசம் பார்க்காமல் எல்லாரிடமும் கேட்பார். "வூட்ல எப்டி போவீங்க?" அவ்வளவுதான். நான் கேட்டால் நோயாளிகள் பதில் சொல்வார்கள். அவர் கேட்டால் கதை சொல்வார்கள். எந்தக் கைப்பக்கம் சுவர் இருக்கும், பேரப்பிள்ளை கதவைத் தட்டுமா, பஸ்ஸில் வரும்போது அடக்கிக்கொள்வதா, எல்லாம். கல்பாக்கத்திலிருந்து ரிட்டயர் ஆன என்ஜினீயர் ஒருவர் எனக்கு ரொம்ப வேண்டிய நோயாளி. எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனார் என்று மூன்று மாதத்துக்கு அட்டவணை போட்டு, பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவருவார். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். இவருக்கு எந்த மருந்திலும் சரியாவதில்லையே என்று எனக்குக் குழப்பம். ஒருநாள் அந்த அம்மா வந்து, "சார், அவரு அண்ணன் கிட்னி கேன்சர்ல செத்துட்டாராம். அதான் ராவெல்லாம் எழுந்து எழுந்து போயி ரத்தம் வருதான்னு பாத்துகினு கீறாரு," என்றார். என்னோடு அவர் உட்கார்ந்து பேசிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு நாள் வரும். அண்ணன் இருந்ததாகவே சொன்னதில்லை.

நானும் ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். சிரிக்காதீர்கள். அந்த அம்மா லீவில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. உள்ளே மாமல்லபுரத்துக் கல்தச்சர் ஒருவர், அறுபது வயசு. நானும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து, "யாருப்பா அங்க நிக்கிறது, போ அந்தாண்ட," என்று குரல் வந்தது. டாக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் அந்த அம்மாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. "ஷூ போட்டுகினு நின்னா உள்ளாற கீறவங்களுக்குக் கேட்டுடும் சார்," என்று மிகவும் அக்கறையோடு சொன்னார். அவர் அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் மேனேஜரிடம் சொல்லி ஒரு சுற்றறிக்கை போட வைத்தேன். டெக்னீஷியன்கள் நோயைப் பற்றி நோயாளிகளிடம் பேசக் கூடாது, டாக்டர் சொல்லாத பரிசோதனை எதுவும் செய்யக் கூடாது, மீறினால் நடவடிக்கை. ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆறில் ஐந்து பேருக்கு அது எதற்கென்றே தெரியாது. அவர் கொண்டையிலிருந்து பேனாவை உருவி, நிதானமாக முழுவதையும் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி பேனாவைச் செருகிக்கொண்டார்.

இப்போது அந்தக் கோவளத்துக்காரருக்கு வருகிறேன்.

கடலுக்குப் போகிறவர். நாற்பத்தாறு வயது, கறுத்து இறுகிய உடம்பு. மூத்திரத்தில் இரண்டு தடவை ரத்தம் வந்ததென்று மனைவி கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்தார். இருபது வருடமாக பீடி. ஸ்கேனில் மூத்திரப்பைக்குள் சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. பீடி, ரத்தம், கட்டி மூன்றும் சேர்ந்தால் எங்கள் தொழிலில் யோசிக்க ஒன்றுமில்லை. புற்றுநோய் மாதிரித் தெரிகிறது, வியாழக்கிழமை காலை கேமரா வழியாக உள்ளே போய்ச் சுரண்டி எடுத்துவிடலாம், பிறகு பார்க்கலாம் என்றேன். மனைவி, பொழைச்சிப்பாரா என்று கேட்டார். பார்த்துக்கலாம் என்றேன். சி.டி. எடுத்தோம், ரத்தம் பரிசோதித்தோம், மயக்க மருந்து டாக்டர் பார்த்து, பிரஷர் நன்றாக இருக்கிறது, தரலாம் என்று எழுதிவிட்டார். நாற்பது தாண்டிய ஆண்களுக்கு யூரோஃப்ளோ பார்ப்பது நான் போட்ட சட்டம். அதனால் திங்கட்கிழமை அவரும் கீழே போனார்.

அரை மணி நேரத்தில் அந்த அம்மா என் வாசலில் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சார், அந்தக் கோவளம் அண்ணாத்த ஒண்ணுக்குப் போகசொல்ல பாதில நிறுத்திட்டாரு. செவுத்துல கை அடிக்கற சத்தம் கேட்டுச்சி. வெளிய வந்தா மூஞ்சி வெளுத்து, சட்டயெல்லாம் நனஞ்சி போயிகீது. பிரஷர் பாத்தேன். இருநூத்திப் பத்து. உள்ளாற போறதுக்கு முன்னாடி நூத்தி முப்பதுதான் இருந்துச்சி. இப்ப பத்து நிமிஷம் கழிச்சிப் பாத்தா மறுபடியும் நூத்தி முப்பது."

நான் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "பிரஷர் பார்க்கச் சொன்னது யார்?"

யாரும் சொல்லவில்லை என்றார். ஆனால் நகரவில்லை. அந்த ஆள் இரண்டு தடவை படகிலிருந்து கடலுக்குள் விழுந்திருக்கிறாராம். இரண்டு தடவையும் ஓரத்தில் நின்று மூத்திரம் போகும்போது. கூட இருந்தவர்கள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். குடித்துவிட்டு வருகிறான் என்று பேராகிவிட்டது. இப்போது அவரை எந்தப் படகிலும் ஏற்றிக்கொள்வதில்லை. அவர் ஜென்மத்தில் குடித்ததில்லையாம். நாலு மாதமாகக் கரையில் வலை இழுக்கிற கூலி வேலைதான். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். என்னிடம் அந்த ஆள் ரத்தம் வந்தது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூத்திரம் போகும்போது மயங்கி விழுவது ஆண்களுக்குச் சகஜம் என்றேன். புற்றுநோய் என்றால் யாருக்குத்தான் பிரஷர் ஏறாது என்றேன். உங்கள் பிரஷர் மெஷின் பழசு என்றும் சொன்னேன். கடைசியாக, "நீங்க உங்க மெஷினைப் பாருங்க, போதும்," என்றேன். அவர் செரி சார் என்று போய்விட்டார்.

உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டேன், எழுதிவிடுகிறேன். அவர் சொன்னபோது எனக்குள் எங்கேயோ ஒரு மணி அடித்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் படித்த ஒரு பக்கத்தில், கடைசியில், சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. உட்கார்ந்து யோசித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். யோசிக்கவில்லை. அதையே மயக்க மருந்து டாக்டர் வந்து சொல்லியிருந்தால் உடனே யோசித்திருப்பேன். லண்டன்காரன் போனில் சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பேன். இவர் சொல்லி நான் யோசிப்பதா என்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவை. எட்டரைக்கு மயக்க மருந்து டாக்டர், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அது அவர் எல்லாரிடமும் கேட்பது. அந்த ஆள் மறைக்கவே இல்லை. ஏழரை மணிக்கு நாலு இட்லி, வடகறி, ஒரு டீ என்றார். வயிற்றில் சாப்பாட்டோடு மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அறுவை ரத்து. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முந்தின நாள் நர்ஸ் சொன்னாரே, எழுதிக் கொடுத்தோமே, நீங்கள் என்ன குழந்தையா என்று வராந்தாவில் வைத்தே சத்தம் போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பசி தாங்கல சார்," என்றார். மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அடுத்த அறுவை நாள் செவ்வாய்க்கிழமைதான்.

அறைக்கு வந்தேன். காலை முழுக்க வேலையில்லை. அறுவை ரத்தானால் காரணத்தை ஃபைலில் டாக்டரே எழுத வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. எழுத ஃபைலைப் பிரித்தேன். எழுதும் தாளுக்கு மேலாக யூரோஃப்ளோ தாள் இருந்தது. கோடு பாதி மலை ஏறி, செங்குத்தாக விழுந்திருந்தது. கீழே நீல மசியில், கன்னியாஸ்திரிகள் பழக்கிய கையெழுத்தில், முன்னால் 130, வெளியே வந்ததும் 210, பத்து நிமிடம் கழித்து 130. அதற்குக் கீழே: "இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் மூத்திரம் போகும்போது மண்டையிடி, நெஞ்சு படபடப்பு. மற்ற நேரம் ஒன்றுமில்லை."

மற்ற நேரம் ஒன்றுமில்லை என்ற அந்த வார்த்தைகளை இரண்டு தடவை படித்தேன். சி.டி. படத்தை எடுத்து விளக்கில் வைத்தேன். வழக்கமான புற்று மூத்திரப்பைக்குள் கடல்பாசி மாதிரி கொத்துக் கொத்தாக முளைத்திருக்கும். இது கோலிக்குண்டு மாதிரி வழுவழுவென்று சுவருக்குள் உட்கார்ந்திருந்தது. படம் எடுக்க ஊசியில் ஏற்றிய மருந்தில் பளிச்சென்று வேறு மின்னியது. முந்தின வாரமும் இதே படத்தைத்தான் பார்த்தேன். வார்டிலிருந்து அந்த ஆளை அழைத்துவரச் சொல்லி, தண்ணீர் குடிக்க வைத்து, நானே பக்கத்தில் நின்று, போனதும் பிரஷர் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு.

சிறுநீரகத்தின் தலையில் அட்ரினல் என்று ஒரு சுரப்பி உண்டு. நாய் துரத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்வதும் வியர்த்துக்கொட்டுவதும் அது விடுகிற சரக்கால்தான். மிக மிக அபூர்வமாகச் சிலருக்கு அதே சரக்கைச் செய்கிற கட்டி ஒன்று இடம் தவறி மூத்திரப்பையின் சுவரில் வளர்ந்துவிடும். பாராகேங்லியோமா என்று பெயர். பெரும்பாலும் புற்று கிடையாது. எடுத்துவிட்டால் அநேகமாகத் தொல்லை விட்டது. ஆனால் பை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் கட்டியைப் பிழிந்த மாதிரி சரக்கு ரத்தத்தில் கொட்டும். அதுதான் அவரைக் கடலில் தள்ளியது. மூத்திரம் போவதற்கே அந்தப் பாடு என்றால், ஒன்றும் தெரியாமல் மின்கம்பியை விட்டுச் சுரண்டினால் என்ன ஆகும்? பிரஷர் எகிறி மூளையில் ரத்தம் கசியலாம், இதயம் நின்றுபோகலாம். அன்று ஒன்பது மணிக்கு நான் அதைத்தான் செய்ய இருந்தேன். அந்த நாலு இட்லி இல்லாவிட்டால் பத்து மணிக்கு அவர் மனைவியிடம் போய் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் முழுவதும் சேர்த்த மூத்திரத்தைச் சென்னைக்கு அனுப்பினோம், முடிவு நாங்கள் நினைத்தபடியே வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் மாத்திரை கொடுத்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, உப்பும் தண்ணீரும் நிறையக் கொடுத்து, பிறகு வயிற்றைத் திறந்து கட்டியைச் சுவரோடு சேர்த்து வெட்டி எடுத்தேன். அவ்வளவு தயாராக இருந்தும், நான் கட்டியைத் தொடும்போதெல்லாம் பிரஷர் ஏறியது. கையை எடு என்று மயக்க மருந்து டாக்டர் மூன்று தடவை சொன்னார். திசுப் பரிசோதனையில் பரவுகிற குணம் எதுவும் தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வந்து மூத்திரம் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். புற்று இல்லை என்று நான் சொன்னபோது அவருடைய மனைவி என் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். படிக்கட்டில் எதிரே வந்தார். "அந்தக் கேஸை நான் திருப்பி டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், வேற கட்டி," என்றேன். நான் என்ற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். "நல்லதாப் போச்சி சார்," என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டார்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் எங்கள் டாக்டர்கள் சங்கத்துக் கூட்டம் நடந்தது. இந்தக் கேஸைப் பற்றி நான் பேசினேன். அபூர்வமான கட்டி, அறுவைக்கு முன்னாலேயே பிடித்தது, மூத்திரப்பையைக் காப்பாற்றியது எல்லாம் படத்தோடு. எப்படிச் சந்தேகம் வந்தது என்று முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். நோயாளி இட்லி சாப்பிட்டுவிட்டதால் அறுவை தள்ளிப்போனது, எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, உட்கார்ந்து யோசித்தேன் என்றேன். நாலு இட்லியும் நானும் சேர்ந்து ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று ஒரு போடு போட்டேன். அரங்கம் சிரித்துக் கை தட்டியது. கடைசிப் படத்தில் மயக்க மருந்து டாக்டருக்கும் திசுப் பரிசோதனை டாக்டருக்கும் நன்றி போட்டிருந்தேன். அந்த அம்மா எழுதியது வெறும் எண்கள்தானே, அதற்குப் பெயர் கண்டுபிடித்தது நான்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பொய்யும் இல்லை. அன்று காலை அந்த அறையில் தனியாக உட்கார்ந்து பிடித்தது நான்தான். என் தொழிலில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கே எனக்கென்று இருந்தது அந்த ஒரு காலைதான். அதில் அவருக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நாலு மாதம் கழித்துக் கோவளத்துக்காரர் மனைவியோடு வந்தார். மறுபடி படகில் ஏற்றிக்கொண்டுவிட்டார்களாம். குடிகாரன் என்று சொன்னவர்களே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்களாம். உடம்பு தேறி, முகம் நிறைந்து, கையில் ஐஸ் போட்ட பை ஒன்று வைத்திருந்தார். வஞ்சிரம். அது கீழே மெஷின் ரூம் அக்காவுக்கு என்று கூச்சத்தோடு சொன்னார். சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல், கூட்டத்தில் எடுபட்ட என் ஜோக்கை அவரிடமும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் உங்களுக்குப் பசி தாங்கியிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள் என்றேன்.

அவர் சிரிக்காமல் மனைவியைப் பார்த்தார். மனைவிக்குத்தான் அடக்க முடியவில்லை. "இவரு எங்க சார் துன்னாரு, வாணாம் வாணாம்னுதான் சொல்லிகினு இருந்தாரு. அந்த அக்காதான் கேன்டீன்ல வாங்கியாந்து, பக்கத்துலயே நின்னு நாலையும் துன்ன வெச்சிச்சி. மயக்க டாக்டர் கேட்டா மறைக்காம சொல்லு, பெரிய டாக்டர் கேட்டா பசி தாங்கலன்னு மட்டும் சொல்லுன்னு சொல்லிச்சி." அவர் மனைவியின் கையைப் பிடித்து அமுக்கினார்.

அவர்களை அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினேன். அந்த அம்மா புனலைக் கழுவிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, இட்லி வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வேலை போயிருக்கும் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். அறுவையை நிறுத்தி என்ன பிரயோஜனம், செவ்வாய்க்கிழமை நான் செய்திருப்பேனே என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நின்றுபோனால் ஏன் என்று நான் எழுத வேண்டும், எழுத ஃபைலைத் திறக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தத் தாளை மேலே எடுத்து வைத்தாராம்.

எனக்கே எனக்கென்று இருந்த அந்த ஒரு காலையையும் அவர்தான் எனக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"இவ்வளவு செஞ்சதுக்கு, இன்னொரு தடவை மாடிக்கு வந்து என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

அவர் புனலைத் துணியால் துடைத்து, மெஷினில் பொருத்தினார். நோயாளியிடம் பேசுகிற அதே குரலில், அதே அக்கறையோடு சொன்னார்.

"ரெண்டாவது தபாவும் நான் வந்து சொல்லியிருந்தா, நீங்க கண்டிப்பா அறுத்திருப்பீங்க சார்."